கயித்தக்காவின் பன்னிரண்டு மணி நேரம்

இருபத்தோரு வருஷமாகக் குழந்தைகளோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தியிடம் போய், "வேலையில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித் தருகிறோம், வந்து உட்கார்" என்று கடிதம் போட்டால் அவளுக்குக் கோபம் வருமா, வராதா? கயித்தக்காவுக்கு வந்தது. வந்த வேகத்தில் கடிதத்தை நாலாக மடித்து ஏப்ரன் பையில் திணித்தாள். அந்தப் பையில் ஏற்கெனவே மூக்குத் துடைத்த காகிதம் இரண்டும், யாரோ பாதி கடித்துவிட்டு அன்பாகக் கொடுத்த பிஸ்கட்டும் இருந்தன. கடிதத்துக்கு அந்த மரியாதை போதும் என்று நினைத்தாள்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். குழந்தைப் பராமரிப்பாளர்களுக்கான தொடர்கல்வி, இந்த முறை தலைப்பு தொழில்முறை நடத்தை, பன்னிரண்டு மணி நேரம், இரண்டு சனிக்கிழமை. சான்றிதழ் இல்லாவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். அவளுடைய லைசென்ஸ் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓர் அறைக்குப் பொறுப்பாக இருக்க முடியாது. பின்பக்கம் உட்கார்ந்து துணி மடிக்கலாம், பாத்திரம் துடைக்கலாம், அவ்வளவுதான்.

"முதலுதவி கிளாஸ்னா சரி. குழந்தைங்களைத் தூங்க வைக்கிறதுல பாதுகாப்புன்னாங்க, அதுவும் சரி. நடத்தையாம்ல, நடத்தை! என் நடத்தைக்கு என்ன குறைச்சல்?" என்று காப்பகத்து வாசலில், செருப்பு விடுகிற அறையில் நின்றபடியே கேட்டாள்.

"கேள்வியைக் கேக்குற குரலைப் பாத்தாலே தெரியுதே," என்றாள் தொட்டில்காரி. கைக்குழந்தைகள் அறையைப் பார்த்துக்கொள்பவள் அவள். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தியை ஒருத்தி வாராவிட்டால் இருவருக்குமே அன்றைய பொழுது போகாது.

கயித்தக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் அறையில் ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை பன்னிரண்டு பேர். தினமும் காலையில் அவர்களைப் பூங்கா வரை நடத்திக்கொண்டு போவதற்கு அவளிடம் ஒரு நீளமான மஞ்சள் கயிறு இருக்கிறது. பன்னிரண்டு வளையம் போட்டது. வளையத்துக்கு ஒரு கை. முன்னால் அவள், பின்னால் உதவிக்கு ஒருத்தி. இன்னும் நடக்காதவர்கள் தள்ளுவண்டியில் உட்கார்ந்து, கயிற்றின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு பெருமையாக வருவார்கள். ஐம்பத்திரண்டு வயது, நல்ல பருமன், உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சத்தம் போடும். ஆனால் அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துவிட்டால் தெருவே அவளுக்கு வழி விடும். கயிற்றில் யாருக்குப் பின்னால் யார் என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறவளுக்கு முன்னால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

லைசென்ஸ் போனால் அந்தக் கயிறு வேறு கைக்குப் போகும். ஆகவே திட்டிக்கொண்டே போனாள்.

முதல் சனிக்கிழமை. மூன்றாவது மாடியில் ஒரு கூடம், நாற்பது நாற்காலி, நாற்பது பராமரிப்பாளர்கள். பாடம் நடத்த வந்தவளுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நீலக் கோட்டு போட்டிருந்தாள். கையில் ஒரு சின்னக் கருவி. அதை அழுத்தினால் திரையில் படம் மாறும். "பட்டன் டீச்சர்," என்று தொட்டில்காரி காதோடு பெயர் வைத்து முடித்தாள். அதற்குள் முன்வரிசையில் யாரோ டீயைக் கொட்டிவிட, நாற்பது பேரும் ஒரே நேரத்தில் காகிதக் கைக்குட்டையோடு எழுந்தார்கள். பட்டன் டீச்சர் மிரண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

வகுப்பு அவ்வளவு மோசம் இல்லை, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தைகளின் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பாதே, அறைக்குள் ஃபோனை எடுக்காதே என்றாள். இதெல்லாம் கயித்தக்காவுக்குத் தெரிந்ததுதான். ஒரு குழந்தையைப் பற்றி வேறு யாரிடமும் பேசாதே என்று வந்தபோது மட்டும் கொஞ்சம் நெளிந்தாள். யார் யாரைக் கடித்தார்கள் என்பது பழக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

அப்புறம் தினக்குறிப்புக்கு வந்தாள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, இன்று புதிதாக என்ன செய்தது என்று எழுதி, சாயங்காலம் பெற்றோரிடம் காட்ட வேண்டும்.

"பாத்ததை எழுதணும். பாக்காததை எழுதக் கூடாது. பாத்ததை எழுதாம மறைக்கவும் கூடாது," என்று சொல்லி பட்டனை அழுத்தினாள். திரையில் அதே மூன்று வாக்கியம் பெரிய எழுத்தில் வந்தது. கயித்தக்காவுக்கு அந்த மூன்றாவது வாக்கியம் சுருக்கென்று தைத்தது.

ஏன் தைத்தது என்று சொல்கிறேன். இந்த வேலையில், எந்தப் புத்தகத்திலும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. குழந்தை முதல்முதலாக நடப்பது பெரும்பாலும் பகலில்தான். பகலில் அது காப்பகத்தில்தான் இருக்கும். அப்பாவும் அம்மாவும் எங்கேயோ வேலையில் இருப்பார்கள். அதனால் முதல் அடியைப் பார்த்த அக்கா வாயைத் திறக்க மாட்டாள். நோட்டில், 'பிடித்துக்கொண்டு நன்றாக நிற்கிறான்' என்று எழுதுவாள். சாயங்காலம் கூட்டிப்போக வருபவரிடம், ஒன்றும் தெரியாத முகத்தோடு, "இன்னைக்கோ நாளைக்கோ நடந்துடுவான் போலிருக்கு, ஃபோன்ல சார்ஜ் வெச்சுக்குங்க," என்று மட்டும் சொல்லி வைப்பாள். மறுநாள் காலையில் அந்த அம்மா ஓடிவந்து, "அக்கா, நேத்து நடந்துட்டான்! முதல் தடவை! நான் பாத்தேன்!" என்று குதிக்கும்போது, "அப்படியா! அடி சக்கை!" என்று கையைத் தட்ட வேண்டும். கயித்தக்கா தட்டியிருக்கிறாள். அவள் தட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது.

வகுப்பு முடியும்போது பட்டன் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தாள். "உங்க வேலையில இந்த விதிகளுக்கு ஒத்துவராத ஒரு பழக்கத்தை எழுதுங்க. அதை என்ன செய்யப் போறீங்கன்னும் எழுதுங்க. ஒரு பக்கம் போதும். அடுத்த வாரம் அது இல்லாம சான்றிதழ் இல்லை."

அடுத்த புதன்கிழமை. மணி பத்து நாற்பது. ஒத்தச் சாக்ஸ் பொம்மை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதின்மூன்று மாதக்காரன். காலையில் இரண்டு சாக்ஸோடு வருவான், பத்து நிமிஷத்தில் ஒன்றைக் கழற்றி எங்காவது போட்டுவிடுவான், அதனால் அந்தப் பெயர். வெளியே தெருவில் ஒரு பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. பையன் அலமாரியை விட்டான். ஜன்னலைப் பார்த்து ஓர் அடி வைத்தான், இரண்டு, கையைத் தூக்கிக்கொண்டு மூன்று, நாலு, தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு சிரித்தான்.

கயித்தக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அது புதுசுதான். கண் கலங்கிவிடும். துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். 'பிடித்துக்கொண்டு நன்றாக' என்று கை தானாக எழுதப் போனது. அப்போது பார்த்து அந்தப் பாழாய்ப்போன மூன்றாவது வாக்கியம் நினைவுக்கு வந்தது. விதி விதிதான், இந்த வயதில் லைசென்ஸோடு விளையாட முடியுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'காலை 10.40. அலமாரியிலிருந்து ஜன்னல் பக்கமாக, பிடிமானம் இல்லாமல் நான்கு அடி நடந்தான்.'

ஒத்தச் சாக்ஸின் அம்மா பஸ் ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் எழுந்து, பையனைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரி ரூட்டில் வண்டியை எடுப்பாள். சாயங்காலம் சீருடையோடேயே வருவாள். அன்றைக்கும் வந்தாள். செருப்பு அறையில் இருக்கிற குட்டி பெஞ்சில் உட்கார்ந்து பையனுக்கு ஒரு ஷூவை மாட்டிவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டைப் பிரித்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"பத்து நாப்பதா?" என்றாள். "பத்து நாப்பதுக்கு நான் ஆஸ்பத்திரி சிக்னல்ல நின்னுட்டு இருந்தேன் அக்கா."

கயித்தக்கா கீழே கிடந்த ஒற்றைச் சாக்ஸை எடுத்து உதறி மடித்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமைக்கு ஷிஃப்டை மாத்திக் கேட்டு வாங்கியிருந்தேன். நாள் பூரா அவனோட தரையில உக்காந்துக்கணும்னு. எப்படியும் அன்னைக்கு நடந்துடுவான்னு நெனச்சேன்." ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரமாகத் துடைத்துக்கொண்டு, "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான்தான் கூறுகெட்டத்தனமா அழறேன். வரேன் அக்கா," என்று பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கயித்தக்கா அந்தக் குட்டி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உன்னை யாருடி எழுதச் சொன்னது?" என்று தொட்டில்காரி வந்து நின்றாள்.

"பட்டன் டீச்சர்."

"பட்டன் டீச்சரா வந்து அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சா? இருபத்தோரு வருஷமா இல்லாத நியாயம் உனக்கு இன்னைக்கு வந்துச்சா? நல்லா இருக்குடி உன் நடத்தை!"

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரே ஆர்ப்பாட்டம். சனிக்கிழமை வகுப்புக்குப் போகப்போவதில்லை, லைசென்ஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று பாத்திரங்களை உருட்டினாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் பதற்றப்படாத மனுஷன். பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு தினமும் பேசிப் பேசி வந்த பொறுமை அது.

"எனக்கும்தான் ரெண்டு வருஷத்துக்கொரு தடவை கிளாஸ் வெக்கிறாங்க," என்றார். "முப்பது வருஷமா லிஃப்ட் மேல நிக்கிறவனுக்கு, லிஃப்ட் மேல எப்படி நிக்கணும்னு ஒருத்தன் படம் போட்டுக் காட்டுறான். பாத்துட்டுத்தானே வரேன்?"

"உங்க கிளாஸால யாராவது அழுதாங்களா?"

"தூங்கினாங்க." கொஞ்சம் பொறுத்து, "நீ போகலேன்னா துணி மடிக்கணும். நீ துணி மடிக்கிற அழகை நான் வீட்டுலயே பாத்துட்டு இருக்கேன். பாவம் அந்தக் காப்பகம்," என்றார்.

"விளையாடாதீங்க. தப்பு அவ சொன்ன விதியில இருக்குங்க."

"அப்ப அதை அவகிட்டப் போய்க் கேளு. இங்க கத்தினா எனக்குத்தானே காது வலிக்குது, அவளுக்கா வலிக்குது?"

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. மறுநாள் தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள்.

இரண்டாவது சனிக்கிழமை வந்தது. ஒவ்வொருவராக எழுந்து படித்தார்கள். ஒருத்தி தாமதமாக வருவதை நிறுத்தப் போகிறாளாம். இன்னொருத்தி தூங்கும் நேரத்தில் ஃபோன் பார்க்கமாட்டாளாம். தொட்டில்காரி, தோழிகளை வாரிப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளப் போவதாகக் கூசாமல் படித்தாள். கயித்தக்காவின் முறை வந்தது. முழங்கால் சத்தத்தோடு எழுந்தாள்.

"நான் இருபத்தோரு வருஷமா தினக்குறிப்புல பொய் எழுதிட்டிருக்கேன்," என்று படித்தாள். "வருஷத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைங்க என் ரூம்லதான் முதல் முதலா நடக்குது. அதை நான் எழுதினதே இல்ல. கூட்டிப் பாத்தா நூத்தம்பது பொய்க்குக் குறையாது. போன புதன்கிழமை முதல் தடவையா உண்மையை எழுதினேன். ஒரு தாயை அழ வெச்சேன். இந்தப் பழக்கத்தை என்ன செய்யப் போறேன்னு கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரியல மேடம். நீங்களே சொல்லுங்க."

பட்டன் டீச்சர் கையில் இருந்த கருவியை மேஜை மேல் வைத்தாள். "முதல் அடியையா மறைக்கிறீங்க? எதுக்கு?"

"பெத்தவங்க முதல்ல பாக்கணும்னுதான்."

பின்வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. "நானும்தான்." இன்னொரு கை. "நானும்." அப்புறம் எண்ண முடியவில்லை. தாமதமாக வருகிறவள், ஃபோன் பார்க்கிறவள், தொட்டில்காரி என்று எல்லாக் கையும் மேலே போய்விட்டது.

"எல்லாருமா?" என்றாள் பட்டன் டீச்சர். அவள் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. "எல்லாக் காப்பகத்துலயும் அப்படின்னு சொல்லாதீங்க. என் பொண்ணு ஞாயித்துக்கிழமைதான் நடந்தா. எங்க சமையலறையில. நானும் அவரும் கண்ணால பாத்தோம். வீடியோகூட இருக்கு."

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் மிகவும் தயவாகக் கேட்டது. "மேடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோன்ல சார்ஜ் வெச்சுக்கச் சொன்னாங்களா?"

பட்டன் டீச்சர் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "சொன்னாங்க," என்றாள்.

அவ்வளவுதான், கூடமே கொல்லென்று சிரித்தது. முன்வரிசைக்காரி மறுபடி டீயைக் கொட்டினாள், இந்தத் தடவை துடைக்க ஒருத்தரும் எழவில்லை. பட்டன் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கையை எடுத்தபோது கண்ணெல்லாம் ஈரம். "அஞ்சு வருஷமா அந்த வீடியோவை வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டிருக்கேன்," என்றாள்.

"இனியும் போட்டுக் காட்டுங்க மேடம்," என்றாள் கயித்தக்கா. "உங்க வீட்டுல அதுதானே முதல் தடவை?"

கயித்தக்காவின் கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் பட்டன் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக அவளிடம் வந்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா அக்கா? என் பொண்ணோட காப்பகத்து அக்கா எனக்கு நல்லதுதான் பண்ணாங்க. ஆனா என்னைக் கேட்டுப் பண்ணலையே. நீங்க பொய் எழுதினப்போ யாரையும் கேக்கல. புதன்கிழமை உண்மையை எழுதினீங்களே, அப்பவாவது அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா?"

கயித்தக்காவுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. எந்தத் தலையணையில் தூங்கும், எந்தப் பழம் ஒத்துக்கொள்ளாது என்று சேர்க்கைப் படிவத்தில் இரண்டு பக்கம் கேட்கிறார்கள். இதைக் கேட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து, தன் தாளின் அடியில் நாலு வரி சேர்த்து எழுதினாள். 'உங்கள் குழந்தை முதல்முறையாக நடந்தாலோ பேசினாலோ, நாங்கள் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நீங்களே பார்க்கும் வரை காத்திருக்க வேண்டுமா? எப்படிச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும்? பிள்ளை சேரும்போதே இதைக் கேட்டுவிடப் போகிறேன்.'

பட்டன் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் சான்றிதழைக் கொடுத்தாள். கயித்தக்காவுக்குக் கொடுக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க அக்கா. தினக்குறிப்புல தப்பா எழுதினேன்னு நீங்களே கைப்பட எழுதிக் கொடுத்துட்டீங்க. நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது. மேல அனுப்பித்தான் ஆகணும்."

பாருங்கள் கொடுமையை! கையைத் தூக்கினவர்கள் எல்லாம் சான்றிதழோடு கீழே இறங்கினார்கள். எழுதிக் கொடுத்தவள் வெறுங்கையோடு இறங்கினாள். லைசென்ஸ் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காப்பகத்தின் பொறுப்பாளர் நல்லவர்தான், ஆனால் சட்டத்துக்குப் பயந்தவர். "ஒண்ணாம் தேதிக்குள்ள வரலேன்னா நீங்க பின்பக்கம்தான் அக்கா. கயித்து வேலையைத் தொட்டில்காரிக்குக் கத்துக் கொடுத்து வைங்க," என்றார். கயித்தக்கா கயிற்றைத் துவைத்து, அறுந்த வளையம் இரண்டைத் தைத்து, வரிசையைச் சொல்லிக் கொடுத்தாள். "கடிக்கிறவளைக் கடைசியில விடு. ஒத்தச் சாக்ஸ் நடுவுல வரட்டும், இப்பத்தான் நடக்கிறான், இழுக்காதே." வாய் ஓயாத தொட்டில்காரி அன்றைக்குப் பதில் பேசாமல் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அதுதான் கயித்தக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒத்தச் சாக்ஸின் அம்மா வழக்கம்போல வந்தாள், சிரித்தாள், போனாள். நோட்டை மட்டும் அங்கே பிரிக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கயித்தக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முப்பதாம் தேதி மத்தியானம், எல்லாப் பிள்ளைகளும் தூங்குகிற நேரத்தில் கவர் வந்தது. பொறுப்பாளர் பிரித்தார். உள்ளே சான்றிதழ். கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதம். பொய்யான குறிப்பு இனி கூடாது, இது உங்கள் கோப்பில் இருக்கும் என்று. அதன்கீழ் அச்சடித்த காகிதம் ஒரு கட்டு. சேர்க்கைப் படிவத்தில் சேர்க்க வேண்டிய புதுக் கேள்விகள், எல்லாக் காப்பகங்களுக்கும். கயித்தக்காவின் மூன்று கேள்விகளும் ஒரு எழுத்து மாறாமல் இருந்தன. மேலே ஒரு சின்னத் தாளில் பேனாவால் எழுதியிருந்தது:

'நூற்றைம்பது பொய்க்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான், கோபப்படாதீர்கள் அக்கா. என் பெண்ணின் பழைய காப்பகத்துக்குப் போய்க் கேட்டேன். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே காலுக்காம். தண்ணீர்க் குழாயிலிருந்து கதவு வரைக்கும் நடந்தாளாம். அங்கிருக்கிற அக்காவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.'

கயித்தக்கா தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாமல் சத்தம் வராமல் அழுதாள். தொட்டில்காரி கயிற்றைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் போட்டுவிட்டு, "எடுத்துக்கோடி. யாருக்கு வேணும் உன் வரிசையும் கணக்கும்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே எல்லாப் பெற்றோருக்கும் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் நின்றபடியே டிக் அடித்தார்கள். ஒத்தச் சாக்ஸின் அம்மா குட்டி பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினாள். எழுதியதைக் கயித்தக்கா கையில் கொடுத்தாள்.

'சொல்லுங்கள். என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம். ஆனால் நோட்டில் படிக்க வைக்காதீர்கள். நேரில் சொல்லுங்கள். எப்படிச் செய்தான் என்று செய்து காட்டுங்கள்.'

கயித்தக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ம், காட்டுங்க அக்கா," என்றாள் அந்தப் பெண். "அந்தப் புதன்கிழமை எப்படி நடந்தான்?"

செருப்பு அறையில் ஏழெட்டுப் பெற்றோர் நின்றார்கள். கயித்தக்கா யாரையும் பார்க்கவில்லை. ஒரு செருப்பைக் கழற்றினாள், ஒற்றைச் சாக்ஸ்காரன் ஆயிற்றே. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திடீரென்று தலையைத் திருப்பினாள், சுவரை விட்டாள். ஓர் அடி, இரண்டு, கையைத் தூக்கிக்கொண்டு மூன்று, நாலு, தொப்பென்று தரையில் உட்கார்ந்து, அவன் சிரித்த மாதிரியே சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அக்கா தலையைத் திருப்பினான்? கையை எதுக்குத் தூக்கினான்?"

"பஸ் போச்சும்மா," என்றாள் கயித்தக்கா தரையில் இருந்தபடியே. "தெருவுல பஸ் சத்தம் கேட்டாப் போதும், ஜன்னல் பக்கம் பாப்பான். எந்த பஸ் போனாலும் அவனுக்கு அது நீங்கதான். அன்னைக்கும் உங்ககிட்ட வரத்தான் கிளம்பினான்."

அந்தப் பெண் பையனை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "இதை நீங்க எழுதவே இல்லையே அக்கா," என்றாள்.

"நோட்டுல மூணு வரிக்குத்தாம்மா இடம் இருக்கு. அழுததெல்லாம் போதும், யாராவது என்னைத் தூக்கி விடுங்க!"

அடுத்த மாதம் ஒத்தச் சாக்ஸின் அம்மா ரூட்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது காலை பத்து நாற்பதுக்குக் காப்பகத் தெருவில் ஒரு பஸ் திரும்பும்போது பாம், பாம் என்று இரண்டு தடவை ஹாரன் கேட்கும். பூங்காவுக்குக் கிளம்ப நிற்கிற பன்னிரண்டு பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார்கள். ஒத்தச் சாக்ஸ்தான் முதலில் போய்ச் சேருவான். தொட்டில் அறையில் எல்லாரும் விழித்துக்கொள்கிறார்கள் என்று தொட்டில்காரி தலையில் அடித்துக்கொண்ட பிறகு, ஒரு நாள் சாயங்காலம் கயித்தக்கா அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்டாள்.

"ஏம்மா, காப்பகத்து முன்னாடி ஹாரன் அடிக்கலாமா? இதெல்லாம் தொழில்முறை நடத்தையா?"

"இல்லதான் அக்கா," என்றாள் அவள் பையனின் காணாமல்போன சாக்ஸைத் தேடிக்கொண்டே. "எனக்கும் ரெண்டு வருஷத்துக்கொரு தடவை கிளாஸ் வரும். அங்க போய் எழுதிக் கொடுத்துடறேன்."